பொன்னாடைக்குக் கீழே ஒரு பொத்தான்

பக்கத்தில் நிற்பவரின் போனை எட்டிப் பார்க்கிற பழக்கம் குணமணி அக்காவுக்கு உண்டு என்று அலுவலகத்தில் திவ்யதர்ஷினி சொன்னாள். அவளுக்கு அவள் மாமியார் சொன்னதாம். மார்சிலிங் போகிற பேருந்தில் ஒருமுறை வாய்ச்சண்டையே வந்துவிட்டதாம். ஒரு சங்கத்துக்காக அக்கா வடிவமைத்துக்கொண்டிருந்த இணையப்பக்கத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுதிக்கொடுக்க நான் ஒப்புக்கொண்டிருந்த சமயம் அது. முதல் சந்திப்பு முழுக்க என் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

வதந்தி பாதி உண்மை. அவர் பார்ப்பது திரையை அல்ல, கட்டைவிரலை. ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக நிற்கிறவருக்கு விரல் எதுவரை எட்டுகிறது, எந்த இடத்தில் அலுத்துப்போய் நிற்கிறது என்று பார்ப்பார். "கம்ப்யூட்டர்ல யாரு தம்பி வெப்சைட் பார்க்கறா? செய்யச் சொன்னவங்கதான் பார்க்கறாங்க."

வயது ஐம்பத்து மூன்று. தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நிறுவனத்தில் இருபது வருடம் இருந்து, ஆள்குறைப்பில் வெளியே வந்து, இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர். துணிப்பையில் ஒன்பது பழைய போன்களைச் சுமந்து திரிகிறார். ஒன்றுக்கு மூலையில் வெடிப்பு. ஒன்றில் சார்ஜ் நிற்காது. இன்னொன்றை "யோசிக்கிற போன்" என்பார். தொட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதற்கு உறைக்கும். ஒன்பதிலும் ஒழுங்காகத் திறக்காத பக்கம் அவருக்கு முடிந்த வேலை இல்லை.

சோதனைக்கு உட்காரும்முன் வலது கட்டைவிரலில் பிளாஸ்தர் ஒட்டிக்கொள்வார். கட்டட வேலை பார்க்கிறவர்களின் விரலில் எப்போது பார்த்தாலும் ஒரு கட்டு இருக்கும்; அந்த விரலுக்கும் பொத்தான் அகப்பட வேண்டும். காயமே இல்லாத வீட்டில் மாதம் ஒரு பெட்டி பிளாஸ்தர் தீர்கிறது.

நாங்கள் எடுத்திருந்த சங்கத்து வேலை, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான இலவசப் பல் மருத்துவ முகாமின் பதிவுப் பக்கம். போன தடவை நூற்றிருபது இடம் வைத்து முப்பத்தொரு பேர்தான் பதிந்தார்கள். தொழிலாளர்களுக்கே அக்கறையில்லை என்று செயற்குழு முடிவுகட்டிவிட்டது. இந்த முறையும் அப்படியென்றால் முகாமே கிடையாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பதிவு தொடங்குகிறது. பக்கத்தின் உச்சியில் செயற்குழுவின் குழுப்படம்: பொன்னாடை போர்த்திய தலைவர், சிறப்பு விருந்தினர், இரு பக்கமும் பொறுப்பாளர்கள். அவர்களுக்கடியில் தனித்தனியாக ஏழு முகங்கள். அதற்கும் கீழேதான் பதிவுப் பொத்தான். படம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று செயலாளர் கபிலன் மூன்று முறை எழுதிவிட்டார்.

"தலைவரோட பொன்னாடை மட்டுமே மூணு எம்பி லா," என்றார் அக்கா, குரலில் கோபம்கூட மிச்சமில்லாமல். "மாசக் கடைசில கொஞ்சூண்டு டேட்டாதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல அவங்க பொண்டாட்டி முகத்தப் பார்ப்பாங்களா, இவரப் பார்ப்பாங்களா?"

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு, தொழிலாளர்கள் விடுமுறைக்குக் கூடுகிற ரேஸ்கோர்ஸ் சாலைப் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நாலைந்து பேர் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாப்பிடவில்லை. முத்துசாமி, அறந்தாங்கிக்காரர், இடது தாடை வீங்கியிருந்தது. போன தடவை முகாமின் பக்கத்தை அவரும் திறந்தாராம். அப்படியானால் ஏன் பதியவில்லை என்று அக்கா கேட்டார்.

"பொன்னாடையெல்லாம் போத்தி போட்டோ போட்டிருந்துச்சுங்கக்கா. சரி, விழா முடிஞ்சிருச்சு போலன்னு மூடிட்டேன்." எங்கள் ஊர்ப்பக்கம் கடைசியில்தானே போட்டோ எடுப்பார்கள் என்று, தன் மீதே தப்பு போலச் சொன்னார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

இந்த முறையும் உச்சியில் அதே மாதிரிப் படம்தான். அந்தப் படத்துக்கு அடிக்குறிப்பு எழுதியவன் நான்.

அக்கா மடிக்கணினியைத் திறந்து, குழுப்படத்தையும் ஏழு முகங்களையும் பக்கத்தின் அடிக்கு இறக்கினார். பொத்தான் உச்சிக்கு வந்தது. யோசிக்கிற போனில் அதைத் திறந்து முத்துசாமியிடம் கொடுத்தார். அவர் கட்டைவிரலில் பிளாஸ்தர் இல்லை; ஆனால் அடிபட்டு நகம் கறுத்திருந்தது. ஒரே தொடலில் படிவம் திறந்தது. இன்னும் பதிவு தொடங்கவில்லை, ஐந்து மணிக்கு வாருங்கள் என்றது.

ஆனால் இது சோதனைப் பிரதி; எல்லாரும் பார்க்கிற பக்கம் இன்னும் பழையபடிதான். மணி அதற்குள் நாலேமுக்கால் ஆகியிருந்தது. கபிலன் சொல்லாமல் மாற்ற வேண்டாம் என்றேன். இந்தச் சங்கம் கோபித்தால் இன்னும் நாலு சங்கங்களில் அக்காவின் பெயர் கெடும். எனக்கும் அதே பயம்.

"கேக்காம கை வெச்சா அடுத்த வருஷம் வேலை இல்ல, தெரியும் லா," என்றபடி கபிலனை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் புல்லில் வைத்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். அதுவும் ஓய்ந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு மூன்றாவது அழைப்பு. முத்துசாமி தாடையைக் கையில் தாங்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து ஒட்டியிருந்த பிளாஸ்தரை அக்கா நிதானமாக உரித்தார். அதை மடித்துப் பையின் ஓரத்தில் செருகினார். வெளுத்துச் சுருங்கியிருந்த கட்டைவிரலைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டு, 'வெளியிடு' என்பதை அழுத்தினார். புல்லில் கபிலனின் எண் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.