உள்ளே மடித்த துணி

தையல்காரருக்குக் கை சும்மா இருக்காது. மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மனைவியின் பையில் அறுந்திருந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரன் என்று மைத்துனர் முணுமுணுத்தார். அழத் தெரிந்தவர்கள் அழுதுவிட்டுப் போகிறார்கள். தெரியாதவன் என்னதான் செய்வான்?

மருந்து ஏற ஏறப் பிள்ளை இளைத்தாள். கவுன் அவள் தோளிலிருந்து நழுவும்போதெல்லாம் மனைவிக்குச் சோறு இறங்காது. அதைப் பார்க்கத் தாளாமல்தான் அவர் அந்த வேலையை ஆரம்பித்தார். இஸ்திரி போடுகிறேன் என்று துவைத்த கவுன்களைக் கடைக்கு எடுத்துப்போவார். பக்கத் தையலை உள்ளே தள்ளிப் பிடித்து, தோளையும் சுருக்கிக் கொண்டுவருவார்.

கவுனெல்லாம் சிக்கென்று நிற்கிறது, பிள்ளைக்கு உடம்பு தேறுகிறது என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். குளிப்பாட்டுகிறவளுக்கு எலும்பு தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கண்ணைவிடக் கவுனை நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வீட்டில் வாயாடி என்று பேரெடுத்த மகள் மட்டும், கவுன் சின்னதாகிக்கொண்டே போகிறதே என்று ஒரு நாள் கேட்டாள். தண்ணீரில் சுருங்கிவிட்டது என்று சமாளித்தார்.

வினை ஆஸ்பத்திரியில் வந்தது. எடை ரொம்ப இறங்கிவிட்டது, இப்படியே போனால் அடுத்த மருந்தை உடம்பு தாங்காது, மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சத்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். எடை மெஷின்தான் கோளாறு என்று நர்ஸோடு மல்லுக்கு நின்றாள். மகளின் கவுனைப் பிடித்துக் காட்டினாள்.

"பாருங்க, அளவெடுத்த மாதிரி இருக்கு."

தையல்காரர் முன்னால் வந்தார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளையே போய்விடும். மகள் பக்கத்தில் மண்டியிட்டுக் கவுனின் விளிம்பைப் புரட்டிக் காட்டினார். தையலுக்குப் பக்கத்தில் தையல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன்."

மனைவி அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவளோ அந்தத் தடித்த மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தாள். ஒரு கை அகலத்துக்குத் துணி உள்ளேயே கிடந்தது.

"இவ்வளவையும் வெட்டாமயா வச்சிருக்கீங்க?"

"வெட்ட மனசு வரல."

அவள் டாக்டரிடம் குழாய்க்குச் சம்மதம் சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"பிரிச்சு விடுங்க. எம் பிள்ளை எவ்வளவு இளைச்சிருக்கான்னு நான் பாக்கணும்."

சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியை எடுத்தார். ஒவ்வொரு தையலாகப் பிரிந்தது. கவுன் மகளின் தோளிலிருந்து நழுவி முழங்கைவரை இறங்கியது. தையல்காரர் எல்லோர் முன்னாலும் விசும்பி அழுதார். மனைவி கவுனைத் தூக்கிவிடவில்லை; பார்த்துக்கொண்டே நின்றாள்.