வேலை குறைந்த மேல்விசிறி

வெளிநாட்டில் ஒரு புதுவகை ஹெலிகொப்டரைச் சோதித்துப் பறக்கவிடும் குழுவில் நான் வேலை செய்கிறேன். அதற்குச் சிறகும் உண்டு, முன்னோக்கித் தள்ளும் விசிறியும் உண்டு. சிறகில் நூல்துண்டுகளை ஒட்டி, காற்று எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. வேகம் கூடியதும் பாரத்தைச் சிறகு ஏற்றுக்கொள்ளும். அப்போது மேலே சுற்றும் பெரிய விசிறியை வேண்டுமென்றே மெதுவாக்கிவிடுவோம்.

லீவில் மன்னாருக்கு வந்தபோது, கடற்றொழில் செய்யும் அக்காவின் கணவருக்கு அந்தப் பறப்பைக் கைபேசியில் காட்டி விளக்கினேன். அத்தான் மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

“மேல்விசிறிக்கு வேலை குறைவெண்டா, அதை ஏன் காவிக்கொண்டு போறியள்?”

இதுவும் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சல் வந்தது. “இறங்க வேண்டாமோ, அத்தான்?” என்றேன்.

அடுத்த நாள் அவருடைய வள்ளத்தில் போனேன். உள்ளே கிடந்த நீளமான மரக்கோல் ஒவ்வொரு அலைக்கும் உருண்டு வந்து என் கணுக்காலில் இடித்தது.

“எஞ்சின் இருக்கேக்கை இந்தத் தடியை ஏன் காவுறியள்?” என்று கத்தினேன். அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார்.

திரும்பி வரும்போது, கரை வெகுதூரத்தில் இருக்கும்போதே கடல் முழங்காலளவாகிவிட்டது. அத்தான் எஞ்சினை நிறுத்தி மேலே தூக்கிவைத்தார். பிறகு என் காலடியில் கிடந்த கோலை எடுத்து, மணலில் ஊன்றித் தள்ளினார்.

“இறங்க வேண்டாமோ, தம்பி?” என்றார்.