உடையவர் கையில்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பொன்மணியக்காவிடம் தப்பியவர் யாருமில்லை, நான் உட்பட. அலுவலக எழுத்தரான நான் ஒருநாள் பஸ் டிக்கெட்டைக் கீழே விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறிவிட்டேன். விளக்குமாறும் கையுமாக மூச்சிரைக்க அக்கா பின்னாலேயே வந்தார்.

"இன்னா சார், உன் சாமான வுட்டுட்டு போய்க்கினே கீற?"

திட்டமாட்டார்; அதுதான் வம்பே. திட்டினால் நாமும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம்.

எல்லாம் துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சுப்புராயன் செய்த வேலை. அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று, யாருடைய செல்போனோ தொலைந்த கோபத்தில், "கீழே எது கிடந்தாலும் உடையவங்க கையிலேயே குடுக்கணும்" என்று உத்தரவு போட்டார். எது என்றால் எதுவும்தானே? அன்றிலிருந்து டீ கப், பிஸ்கட் உறை எல்லாம் உடையவரைத் தேடிப் போகின்றன.

போன மாதம், சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர் தமிழ்மாறன் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறையாக அவன் பிளாஸ்டிக்கை ஒழித்தபோது அக்கா படியேறினார். அவன் மரத்தடியில் போட்டுவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலை மைக் பக்கத்தில் வைத்தார்.

"உன்துதானே நைனா?"

மைக்கில் கணீரென்று கேட்டது. அன்றைக்குக் கைதட்டல் முழுக்க அக்காவுக்குத்தான்.

மானம் போன பிள்ளை புகார் எழுதினான். புகார் கைக்கு வந்தால் பொன்மணியை ஆவடிப் பக்கம் மாற்றிவிடுவேன் என்றார் சுப்புராயன். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அக்காவுடையது. இங்கே வரவே இரண்டு பஸ். ஊரின் மறுகோடியான ஆவடி என்றால் வேலையை விடவேண்டியதுதான்.

"அவுரு பொருள அவுருகிட்ட குட்த்தது தப்பா சார்?" என்றார் அக்கா.

மறுநாள் தமிழ்மாறன் புகாரோடு அலுவலக வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வராந்தாவில் அக்கா குனிந்து கூட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன தோன்றியதோ, தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தான். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

உட்காரவிட்டால்தானே! அக்கா தாளை எடுத்துச் சுருக்கம் நீவினார். அடுத்தவர் எழுத்தைப் படிக்கும் வழக்கம் அவருக்கில்லை.

"நைனா! உன் பேப்பரு வுழுந்துட்ச்சி பாரு!"

அவன் திரும்பி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குப்பைத்தொட்டி அங்கிருந்து அறுபதடி தூரம். அவ்வளவு தூரமும் நடந்து போய்ப் போட்டான்.