கோல்ஃப் பயணத்துக்கு நாலாவது ஆள்

அயர்லாந்தில் என் மேலதிகாரி பிரெண்டன் எனக்கு டீ போட்டுக் கொடுப்பார். தனக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும்போது எனக்கும் சேர்த்து வைத்து, பால் போதுமா என்று வேறு கேட்பார். வந்து இத்தனை வருஷமாகியும் அந்த டீ எனக்கு நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியதில்லை. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் பிறந்தவன் நான். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க ஜீப்பில் வந்து இறங்கி, தோளில் கைபோட்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிக்கிற ஆபீசர் அடுத்து என்ன கேட்பார் என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாவைக் கேட்பார்.

அப்படியொரு டீயோடுதான் ஒருநாள் பிரெண்டன் வந்தார். அவரும் இரண்டு நண்பர்களும் போர்ச்சுகலுக்கு கோல்ஃப் விடுமுறை போகிறார்களாம், நாலாவது ஆள் குறைகிறதாம், நீயும் வா என்றார். அவர் இழுத்துப்போய்ப் பழக்கிய ஆட்டம்தான். ஆனால் பந்தைவிடப் புல்லை அதிகம் அடிக்கிறவன் நான். என்னை எதற்குக் கூப்பிடுகிறார்? வேலைக்கு வேட்டு வைப்பதற்குமுன் மனசைக் குளிரவைக்கிறாரா? "உங்களுக்கு எவன் நல்லது செஞ்சாலும் ஆகாது" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எந்தெந்த மைதானங்களில் ஆடலாம் என்று நீயே பார்த்துச் சொல் என்றும் பிரெண்டன் சொல்லிவிட்டார். கடலோரம் ஒன்று, மரங்களுக்கு நடுவே ஒன்று, குன்றின்மேல் புதிதாகத் திறந்தது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அந்தப் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் முடிந்தால் எங்கள் முந்திரிக் கொல்லை என்று வாழ்ந்தவர். அவரும் பார்க்கட்டுமே என்று போனைத் திரைப்பக்கம் திருப்பினேன். அவர் குரலே மாறிவிட்டது.

"டேய், எவன் கொல்லைடா அது? குழி போட்டு, கொடி நட்டு, நம்பர் வேற போட்டிருக்கான்! பூராத்தையும் அளந்துட்டானுங்களே. கையெழுத்து கிய்யெழுத்து போட்டுட்டானுங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது விளையாடுகிற இடம்ப்பா, பந்து விழத்தான் குழி என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம கொல்லையிலயும் இப்படித்தான் குழி போட்டுட்டுப் போயிருக்கானுங்க. மண்ணு பாக்கறானுங்களாம். அடுத்த மாசம் நெலம் எடுக்கற விசாரணைக்கு வரானுங்க."

எனக்குச் சொல்லாமல் மறைத்துவைத்திருக்கிறார் மனுஷர்! மிச்சமிருப்பது அந்தக் கொல்லை ஒன்றுதான். கோல்ஃபாவது ஒன்றாவது, நான் ஊருக்குக் கிளம்பி வருகிறேன் என்றேன்.

"நீ வராத."

"ஏம்ப்பா?"

"வெளிநாட்டுல சம்பாரிச்சிகினு இருக்கறவனுக்கு இங்க எதுக்கு நெலம்னு கேப்பானுங்க. நான் ஒண்டியா நின்னாதான் பேச முடியும். நீ போய் வெளாடு."

போனை வைத்துவிட்டார். கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் பிரெண்டனிடம், அந்தக் குன்று முன்னே யாருடையது என்று கேட்டேன். மைதானத்தை வடிவமைத்தவரைக் கேட்கிறேன் என்று நினைத்து ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அது இல்லை, நிலம் யாருடையது என்றேன்.

"யாராவது விவசாயி விற்றிருப்பார்."

"அவராக விற்றாரா?"

"வேறு யார் விற்பார்கள்? அவர் நிலம்தானே!"

அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. கடலோர மைதானமே போதும் என்று சொல்லிவிட்டேன். அங்கே முன்பு வெறும் மணல்தான் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. மீனவர்கள் இருந்திருப்பார்களோ என்று உடனே தோன்றியது, அதை அப்போதைக்கு அமுக்கிவிட்டேன்.

சனிக்கிழமை உள்ளூர் மைதானத்தில் பயிற்சிக்குப் போனோம். என் முதல் அடியிலேயே உள்ளங்கை அகலத்துக்கு மண் புல்லோடு பெயர்ந்து பறந்தது. பந்து பக்கத்திலேயே கிடந்தது.

"அதை எடுத்து இருந்த இடத்திலேயே வை" என்றார் பிரெண்டன்.

இங்கே அதுதான் மரியாதையாம். பெயர்த்தவனே எடுத்துவைத்து, காலால் அழுத்திவிட வேண்டும், வேர் பிடித்துவிடும். எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறது. அதை எவனும் திருப்பி வைக்கச் சொன்னதில்லை. குனிந்து அந்தத் துண்டை எடுத்து வைத்தேன். யார் வீட்டு மண்ணுக்கோ என் கண் கலங்கியது, வெட்கக்கேடு! மேலே ஏறி மிதித்தேன்.

"போதும், பிடித்துக்கொள்ளும்" என்றார் அவர்.

நான் நம்பவில்லை. இன்னும் மிதித்துக்கொண்டே நின்றேன்.