கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கி, சீட்டாடும் வீட்டுக்கு

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலிருந்து பாகூர் வழியாகக் கரிக்கலாம்பாக்கம் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தங்கை ஸ்டெல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வரன் அமைந்திருந்தது. பையன் பெயர் ஆரோக்கியராஜ், ஒயரிங் வேலை. எல்லாம் கூடிவந்த நேரத்தில், அந்த வீட்டில் சீட்டாடுவார்கள் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். எங்கள் பெரியப்பா சீட்டில் நிலத்தைத் தொலைத்தவர். உண்மையென்றால் சம்பந்தமே வேண்டாம், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் அப்பா. ஸ்டெல்லாவுக்கோ பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

பாகூர் வரை பதினைந்து கிலோமீட்டர், அங்கே வண்டி மாற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றேகால் ரூபாய். இறங்கியதும், நல்லவாட்டிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்த ஒருவரிடம் ஆரோக்கியராஜ் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"சீட்டாடுவாங்களே, அந்த வூடா? நேரா போ சார். நானும் அங்கதான் வரேன்."

பாதி உயிர் அங்கேயே போயிற்று.

சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஆண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் பையனின் சித்தப்பா. கப்பலில் சமையல்காரராக இருந்தவர், ஆட்டத்தையும் அங்கேதான் கற்றாராம். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. "வாங்க தம்பி, குந்துங்க. ஒரு கை கொறையுது," என்றார்.

ஆட்டம் சுலபம். நமக்கும் சீட்டுப் போடுகிறவருக்கும்தான் போட்டி, பக்கத்து ஆளோடு இல்லை. முதலில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். மூன்று சீட்டு வரும். பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிடலாம், வைத்தது போச்சு. பிடித்தால் இன்னொரு கொட்டை வைக்க வேண்டும். போடுகிறவர் கையில் ராணியோ அதற்கு மேலோ இல்லையென்றால் முதல் கொட்டைக்கு மட்டும் ஒன்று கிடைக்கும், இரண்டாவது சும்மா திரும்பி வரும். இருந்தால் இரண்டு கையையும் ஒப்பிடுவார்கள்; நம் கை பெரிதென்றால் இரண்டு கொட்டைக்கும் லாபம், சிறிதென்றால் இரண்டும் போச்சு. ஒரே இனத்தில் வரிசை வந்தால் அதுதான் உச்சம். பிறகு மூன்றும் ஒன்று, வெறும் வரிசை, ஒரே இனம், ஜோடி.

இதற்கு மேல் பக்கக் கட்டு என்று ஒன்று உண்டு. விருப்பமிருந்தால் வைக்கலாம். சீட்டு வருமுன் தனியாக ஒரு கொட்டை வைத்து, நம் கையில் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால், போடுகிறவர் என்ன வைத்திருந்தாலும் நமக்கு லாபம். எனக்குச் சபலம். ஒவ்வொரு கைக்கும் வைத்தேன். ஜோடி வரவே இல்லை. வெறுத்துப்போய் ஒரு கைக்கு வைக்காமல் விட்டேன், இரண்டு ராஜா வந்து நின்றார்கள். எதிரே உட்கார்ந்து ஆடிய ஆரோக்கியராஜ் ஒருமுறைகூடப் பக்கக் கட்டுப் பக்கம் போகவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்திருந்த கொட்டை தீர்ந்தது. ஒரு கொட்டை எத்தனை ரூபாயோ என்று சட்டைப் பையைத் தடவினேன். பையனின் அம்மா ஒரு கூடை நெத்திலியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எங்க வூட்டுல சீட்டாடணும்னா தோத்தவங்கதான் மீன் ஆயணும். நான் போட்ட சட்டம் தம்பி."

ஜெயித்த ஆரோக்கியராஜ் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாதி மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தலையை எப்படிக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வரும் என்று காட்டினான்.

"வெளிய காசு வச்சு ஆடறது உண்டா?" என்று மெல்லக் கேட்டேன்.

"சாராயக்கடையாண்ட கூப்புடுவாங்க. போனன்னா அம்மா சோறு போடாது," என்றான்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று அங்கே தின்ற நெத்திலிக் குழம்புபோல் பிறகு எங்கும் தின்றதில்லை.

இப்போது போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் வண்டி குறைவு. வயலெல்லாம் மனையாகிவிட்டதால் பழைய அடையாளம் சொல்லி வழி கேட்காதீர்கள். யார் வீட்டிலாவது இந்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் பக்கக் கட்டை மறந்துவிடுங்கள். எதை வைத்து ஆடுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "ஆடுறாங்களா?"

"ஆடுறாங்க. நானும் ஆடித் தோத்துட்டேன்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவசர அவசரமாக முழுக் கதையையும் சொன்னேன். உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அங்கிருந்தே கேட்டாள், "அந்த வூட்டுப் பொம்பளைங்க மீனே ஆயறதில்லயாண்ணே?"

"ஞாயித்துக்கெழம ஆயறதில்ல."

அம்மியின் சத்தம் நின்றது.

"சம்மதம்னு இன்னிக்கே எழுதிப் போடுங்கப்பா," என்றாள்.