மீன்தண்ணி படாத ரெயிலர்

என் புருசனுடைய தமையனார் தன் தண்ணீர் ரெயிலரின் அடிச்சட்டத்தில் இருந்த ஓட்டைகளைச் சாக்குத் துண்டும் தாரும் வைத்து அடைத்தபோது, ஊரில் ஒரு கூட்டமே நின்று பார்த்தது. ஏன் அடைக்கிறீர்கள் என்று ஒரு வாயும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் இறுப்பிட்டியில் இல்லை. தெற்கே கடை வைத்திருந்தவர் ஒன்றைச் செய்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பெரியவர் என்றுதான் அவரை வீட்டில் சொல்வோம். தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை நடத்திக் காசோடு திரும்பி, அம்மன் கோவிலுக்குத் தர்மகர்த்தா ஆனவர். கடை நடத்திய காலத்தில் அவர் தின்னாத மீன் கடலில் இல்லை என்று என் புருசனே எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் சுத்த சைவமாகிவிட்டார். மீன்காரரின் சைக்கிள் ஒழுங்கையால் போனால் சால்வையால் மூக்கைப் பொத்துவார். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோவில் என்பார்களே, அந்தச் சாதி மனிதர்.

எங்கள் தீவில் கிணறு வெட்டினால் உவர்த்தண்ணிதான் வரும். குடிக்கிற தண்ணீரைக் கடலின் நடுவே போட்ட பாலத்தால் வேலணைக்குப் போய், அங்குள்ள மணல் கிணறுகளில் இருந்து கொண்டுவர வேண்டும். பெரியவரிடம் ஓர் உழவு இயந்திரமும், அதன் பின்னால் பூட்டுகிற இரண்டு சில்லு ரெயிலரும் இருந்தன. ரெயிலரின் மேல் பெரிய தண்ணீர்த் தாங்கி. கோவிலுக்கும் ஊருக்கும் அதுதான் தண்ணீர். அதை ஓட்டியவன் என் தம்பி. நாங்கள் பிறந்த ஊரான கரம்பொனில் அம்மாவோடு சும்மா இருந்தவனை, அம்மா கேட்டுக்கொண்டபடி நான்தான் இங்கே கூப்பிட்டு வேலையில் சேர்த்தேன். ஆகவே அந்த இரும்பு உக்கினால் என்ன, உருகினால் என்ன, எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்து போகிறவன் என் கூடப்பிறந்தவன். அதுதான் என் கவலை.

ரெயிலரின் அடிச்சட்டமும், அதை உழவு இயந்திரத்தோடு பூட்டுகிற நீண்ட முன்சட்டமும் உள்ளே வெறுமையான இரும்பு. நான்கு பக்கமும் தகடு, நடுவில் காற்று. அதைச் செய்தவனுக்கு மண்டைக்குள் ஏதோ இருந்திருக்கிறது. அடியில் இடைக்கிடை விரல் போகிற அளவுக்கு ஓட்டை விட்டிருந்தான். மேலே பொருத்து விட்ட இடங்களால் எப்படியும் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கியது கீழே வடிந்து போகட்டும், உள்ளே காற்றுப் படட்டும் என்பதற்காக. இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. என் மாமியாரின் இரும்புக் கட்டிலின் குழாய்க் கால்கள், எறும்பு ஏறாமல் இருக்கத் தகரப் பேணித் தண்ணீரில் வருசக்கணக்காக நின்றன. வெளியே பச்சைப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. ஒருநாள் மத்தியானம் மனுசி வெற்றிலைத் தட்டத்தோடு போய் அதில் உட்கார்ந்ததும், ஒரு கால் பப்படம்போல நொறுங்கிப் போனது. வீட்டில் எல்லோரும் அது நாவூறு என்றார்கள். செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். எனக்கு அன்றைக்கே இந்தக் குடும்பத்தின் மூளை எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

பெரியவர் ஓட்டைகளை அடைத்ததற்குக் காரணம் வேறு. பாலத்தால் மீன்காரர் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு போவார்கள். கூடையில் இருந்து தண்ணீர் றோட்டில் சொட்டும். அதன்மேல் ரெயிலர் போனால் சில்லு அதை அடித்து அடியில் தெறிக்கும். ஓட்டை வழியாக அந்த மீன்தண்ணி உள்ளே போனால் அம்மனுக்கு அபிசேகம் செய்கிற தண்ணீரைச் சுமக்கிற வண்டியின் வயிற்றுக்குள் மச்சம் போனதாகிவிடுமாம். இப்படி ஒரு கண்டுபிடிப்பு! அந்தத் தலைக்குள் இருந்துதான் வந்தது.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு நாளும் ரெயிலர் வேலணையால் வந்ததும், தீட்டுப் போகவேண்டும் என்று அதைக் கழுவ வைத்தார். எந்தத் தண்ணீரால்? நல்ல தண்ணீரைக் கொட்ட மனம் வருமா? வளவுக் கிணற்று உவர்த்தண்ணியால். கழுவிய துணியைக் காயப்போட்டால் வெள்ளையாக உப்புப் பூக்கும், அந்தத் தண்ணீரால். அது மேலே இருந்த பொருத்து எல்லாவற்றாலும் உள்ளே இறங்கியது. கீழே வழி இல்லை. சட்டத்துக்குள் அப்படியே கிடந்தது. வெளியே வெள்ளிப் பெயின்ற். முன்சட்டத்தில் திருநீற்றுக் குறியும் சந்தனப் பொட்டும். என் புருசன் அதைச் சுற்றி வந்து பார்த்து, "அண்ணை வைச்சிருக்கிற மாதிரி ஒரு சாமானை ஆரும் வைச்சிருக்க ஏலாது" என்று சொன்னார். சொல்லிவிட்டு என்னையும் பார்த்தார், நானும் ஓம் என்பேனாம்.

தம்பிக்கு அந்த வண்டியின் சத்தம் தெரியும். ஒருநாள் சாப்பிட வந்தவன், "அக்கா, முன்சட்டத்தைத் தட்டினால் முந்தி டண் எண்டு கேக்கும். இப்ப பொத்துப் பொத்தெண்டு கேக்குது" என்றான்.

"அப்ப அவரிட்டைச் சொல்லன்."

"சொன்னனான். பழைய எஞ்சின் ஒயிலைச் சூடாக்கி உள்ளுக்கை ஊத்துவம், மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பிடிக்கும், ஓட்டையளைத் திறந்துவிட்டால் மிச்சம் வடிஞ்சிடும் எண்டனான். கோயில் வண்டிக்குக் கழிவு ஒயிலோ எண்டு பேசிப்போட்டார்."

"வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெய்?"

அவன் சிரித்தான். "அதைச் சொன்னால் என்னைக் கோயில் வாசலையே மிதிக்க விடமாட்டார்."

பிறகு கொடியேற்றத்துக்கு முதல் பெரியவர் தாமாகவே மனமிரங்கினார். அரைப் போத்தல் நல்லெண்ணெய் கொண்டுவந்து துணியில் நனைத்து ரெயிலரின் வெளிப்பக்கம் முழுக்கத் தேய்க்க வைத்தார். தீபாவளிக்குப் பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோல. உள்ளே உப்புத்தண்ணீர் கிடந்து தின்றுகொண்டிருந்தது.

நான் என் புருசனிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல. "இஞ்சருங்கோ, உங்கடை தமையனிட்டைச் சொல்லுங்கோ, அந்த ஓட்டையளைத் திறக்கச் சொல்லி. என்ரை தம்பி அதிலை போறவன்."

"நீர் பேசாமல் இரும். இரும்பைப் பற்றி உமக்கென்ன தெரியும்?"

"உங்கடை அம்மாவின்ரை கட்டிலைப் பற்றித் தெரியும்."

அவர் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தமையன் என்றால் அவருக்கு முதுகெலும்பு இருந்த இடம் தெரியாது. மற்றப்படி என்னிடம் பெரிய சண்டியர்.

திருவிழா நடந்தது. ஒரு மத்தியானப் பூசைக்கு எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். ரெயிலர் வளவில் நின்றது. நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய கம்பி ஆணி ஒன்றும் அம்மிக் குழவியும் எடுத்து, அதற்குக் கீழே போய்ப் படுத்தேன். தாரைத் தோண்டினேன். முதல் ஓட்டை திறந்ததும் தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர் என் கழுத்தில் கொட்டியது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், மீனே தேவலை. பிறகு பொருக்குப் பொருக்காக இரும்பு வந்தது. விரலை உள்ளே விட்டுச் சுரண்டினேன். அப்பத்தின் கரை உடைகிற மாதிரி உடைந்து வந்தது. ஒரு கோப்பை நிறையச் சேர்த்தேன். ஐயோ, இதை நம்பியா என் தம்பியை அனுப்புகிறேன்!

கோவிலால் பெரியவரும் என் புருசனும் சேர்ந்து வந்தார்கள். நான் கோப்பையை முற்றத்தில் அவர்களுக்கு முன்னால் வைத்தேன். "இது உங்கடை ரெயிலரின்ரை உள்ளுடம்பு. இனி அதைப் பூட்டி ஓட ஏலாது" என்றேன்.

பெரியவர் கோப்பையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் புருசனைப் பார்த்து, "பொம்பிளை வண்டிக்குக் கீழை படுத்ததோ? இவ இண்டைக்குத் தலைமுழுகி, சுத்தமா இருந்தவவோ?" என்று கேட்டார். என் புருசன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் பதில் சொல்லவேண்டுமாம்! தூ. கை நிறைய உக்கல் இரும்பை வைத்துக்கொண்டு நிற்கிறேன், இவர்களுக்கு என் மாதவிலக்குக் கணக்குத் தேவைப்பட்டது.

அன்று பின்னேரமே மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரைக் கூப்பிட்டுத் தீட்டுக் கழித்து, ஓட்டைகளைத் திரும்ப அடைத்தார்கள். இந்த முறை சீமெந்தால்.

நான் தம்பியைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நாளைக்கே வெளிக்கிடு. கரம்பொனுக்குப் போ. அம்மாவோடை கஞ்சியைக் குடிச்சுக்கொண்டு இரு" என்றேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும்.

"தேர் முடியட்டும் அக்கா. இப்ப விட்டிட்டுப் போனால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

ஆக்கள்! ஆக்களுக்குப் பயந்து பயந்தே செத்துப்போகிற இனம் நாங்கள்.

தேருக்கு முதல்நாள் காலை, தாங்கி நிறையத் தண்ணீரோடு அவன் பாலத்தில் வந்துகொண்டிருந்தான். முன்சட்டம் கிறீச்சிட்டிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்திருக்கிறான். அப்போதுதான் அது முறிந்தது. அவ்வளவு பாரமும் முன்பக்கம் சாய்ந்து, முறிந்த இரும்பு அவன் வலது பாதத்தின் மேல் இறங்கியது. தூக்கி எடுத்தவர்கள் மீன்காரர். கூடைகளைக் கீழே போட்டுவிட்டு, ரெயிலரைத் தோள்கொடுத்து நிமிர்த்தி, பின்னால் வந்த மீன் லொறியிலேயே அவனை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பெரியவர் தேர் முடிந்தபின் ஆசுபத்திரிக்கு வந்தார். கட்டிலில் மீன் வாடை அடிக்கிறதோ என்று பார்ப்பவர்போலத் தள்ளி நின்று, "அம்மனின்ரை தண்ணி முழுக்கக் கடலிலை ஊத்துப்பட்டுப் போச்சு" என்று துக்கப்பட்டார். அதற்குள் ஊருக்கு அவர் காரணம் சொல்லி முடித்துவிட்டார்: நல்லாய் இருந்த இரும்பை ஒரு பொம்பிளை ஆணியால் குத்திப் பழுதாக்கினாள். தீட்டும் சேர்ந்தது. முறியாமல் என்ன செய்யும்? இறுப்பிட்டி முழுக்க அதை விழுங்கியது. என் புருசனும் சேர்த்துத்தான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்த மனிதர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்து வாழவில்லை.

பெரியவர் போனபின் தம்பியின் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு சுளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். கோபம் இல்லாமல், என்னை நோகடிக்கக்கூடாது என்று சொல் தேடிச் சொன்னான்.

"அக்கா, நீ அந்த ஓட்டையளைத் தோண்டாமல் விட்டிருக்கலாம்."

பெரியவருக்கும் புருசனுக்கும் ஊருக்கும் காறித் துப்ப என் வாயில் எப்போதும் எச்சில் இருந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். என் வாய் காய்ந்து போயிருந்தது.