கதவளவு ஈகோன்

டக்னி க்ரோ பஸ்ஸில் ஏறினால் இருக்கையின் பாதியில்தான் உட்காருவார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், வண்டியே காலியாகக் கிடந்தாலும், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்வார். பள்ளிக்குப் போகிற காலத்திலிருந்து நான் பார்த்து வந்த பழக்கம் இது. சைக்கிளைச் சுவரோடு சுவராகச் சாத்துவார். கூட்டங்களில் கோட்டைக் கொக்கியில் மாட்டாமல் முழங்கால்மேல் மடித்து வைத்திருப்பார். கேக் வெட்டினால், "எனக்குப் பாதி போதும்."

லிம்ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரையில் இருக்கும் எங்கள் தெருவில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. தேவைக்கு மேல் இடம் எடுத்துக்கொள்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு வரும். ஆனால் டக்னி இந்தப் பழக்கத்தைத் தன் கணினிக்குள்ளும் கொண்டுபோயிருந்தார். அது எனக்குத் தெரிய வந்தது எதிர்வீட்டு ஈகோன் இறந்த ஆண்டின் கோடையில்தான்.

டக்னி துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் ஒரு டிஜிட்டல் கேமராவும் கணினியும் வாங்கினார். கணினியைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தெருவில் பிறந்தநாள், ஞானஸ்நானம், புதுக் கூரை, எது நடந்தாலும் அவர்தான் படம் எடுப்பார். எங்களில் பாதிப் பேரிடம் அப்போது கேமரா கிடையாது. மீதிப் பேர், டக்னி எடுக்கிறாரே என்று எடுக்காமல் இருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் மீன் வெட்டும் ஆலையில் வேலை செய்தவர்கள். நான் அந்த ஆலை வாசலில் நிற்கும் படமும், ஆல்போர்க் பல்கலைக்கழகத்துக்குப் பெட்டியோடு கிளம்பும் படமும் டக்னி எடுத்தவை. எங்கள் குடும்பத்திலிருந்து அப்படிக் கிளம்பிய முதல் ஆள் நான். இரண்டு படங்களுமே என் உள்ளங்கையைவிடச் சிறியவை. ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

கேமரா வாங்கிய புதிதில் டக்னி நாலைந்து படங்களை அப்படியே பக்கத்து வீட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாராம். அப்போது இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வரும். படம் இறங்கி முடிகிறவரை அந்த வீட்டுத் தொலைபேசி அடைபட்டுக் கிடந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் கூட்டுறவுக் கடையில் வரிசையில் நின்றபோது, "டக்னி, நேத்து நீ அனுப்பின படம் வந்துச்சு. இன்னும் வந்துட்டே இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். டக்னியும் சிரித்தார். வீட்டுக்குப் போய் அன்றே படங்களைச் சுருக்கக் கற்றுக்கொண்டார்.

அவருடைய முறை எளிமையானது. படத்தைத் திறப்பார். நான்கு விரல் அகலத்துக்குக் குறைப்பார். தரத்தைக் கேட்கும் இடத்தில் பட்டியை இடது ஓரத்துக்கு இழுத்துவிடுவார். அதே பெயரில், பழையதன் மேலேயே சேமிப்பார். கணினியின் குப்பைத் தொட்டியைச் சாப்பாட்டுக்கு முன்பே காலி செய்துவிடுவார். "அழுக்குப் பாத்திரத்தைப் போட்டுட்டுத் தூங்குவாங்களா யாராவது?"

கோப்பு வகைகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். தேவாலயத்துப் பழைய படங்களை ஸ்கேன் செய்தபோது வந்த பெரிய டிஃப் கோப்புகள் அவருக்கு 'பியானோ'. சுருக்கிய ஜேபெக் கோப்புகள் 'மடக்கு நாற்காலி'. "இன்னைக்கு மூணு பியானோவை நாற்காலியா மாத்திட்டேன், வீடு காத்தாட இருக்கு" என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை; சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

ஈகோன் எதிர்வீட்டுக்காரர், தோவேயின் கணவர். தூர்வாரும் கப்பலில் வேலை செய்தவர். முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் கேமராவைக் கண்டாலே கை வாய்க்குப் போய்விடும். அல்லது முதுகைக் காட்டி நிற்பார். அவர்களுடைய கல்யாணப் படத்தில்கூடக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டார். பௌல்சன் தம்பதியின் வெள்ளிவிழா அன்று. இங்கே கல்யாணம் ஆகி இருபத்தைந்து, ஐம்பது ஆண்டுகள் ஆனால், தம்பதி எழுந்திருக்குமுன் அண்டை வீட்டார் கூடி, வாசலைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, பாடி எழுப்புவோம். உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி படுத்திருக்க வேண்டும். அன்று ஏணிமேல் நின்று வளைவின் உச்சியில் ஆண்டு எண்களை ஆணியடித்தவர் ஈகோன். இருபத்தைந்தை ஐம்பத்திரண்டாக மாட்டிவிட்டார். பாட்டுச் சத்தம் கேட்டுப் பைஜாமாவோடு கதவைத் திறந்த பௌல்சன் மேலே பார்த்தார்.

"சரியாத்தான் மாட்டியிருக்கே, ஈகோன். எனக்கும் அவ்வளவு வருஷம் ஆன மாதிரிதான் இருக்கு."

ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் ஏணி. வாயை மூட ஈகோனுக்குக் கை இல்லை. பல் அத்தனையும் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டக்னி அந்த நொடியை எடுத்துவிட்டார்.

மார்ச் மாதம் ஈகோன் இறந்தார். ஆகஸ்டில் அவருக்கும் தோவேக்கும் கல்யாணப் பொன்விழா வரவிருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு உட்கார்ந்திருந்தபோது யாரோ மெதுவாக, இனி வளைவு இருக்காது, பாவம், என்றார்கள். ஒருவர் போய்விட்டால் வளைவு கட்டுவது வழக்கமில்லை.

தோவேக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஏன் இருக்காது? அம்பது வருஷம் நானும்தானே குப்பை கொட்டினேன்? எனக்கு வளைவு வேணும். அவன் நிக்க வேண்டிய இடத்துல படத்தை வைங்க. கதவளவு. ஏணியில நின்னு சிரிச்சானே, அது."

எல்லோரும் டக்னியைப் பார்த்தார்கள்.

"இருக்கு தோவே. என்கிட்ட இருக்கு" என்றார் டக்னி.

பொய் சொல்லவில்லை, இருப்பதாகவே நம்பினார். தோவே மறுவாரமே கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டாள். விழா முடிந்ததும் படத்தைச் சட்டம் போட்டு அங்கே மாட்டுவதாகத் திட்டம். கனம் தாங்க வேண்டும் என்று படகில் அடிக்கும் வகை ஆணியாகத் தேடி அடித்திருந்தாள்.

ஜூலையில் நான் விடுமுறைக்கு வந்த அன்றே டக்னி எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ரிக்கே, உனக்கு நேரம் இருந்தா மட்டும். இல்லேன்னா வேண்டாம். ஒரு படம் பெரிசாக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். திரையில் ஈகோன் என் கட்டைவிரல் அளவில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அளவில் அருமையான படம். பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பல் இருந்த இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாகச் சில சதுரங்கள்.

"டிவியில போலீஸ்காரங்க பண்றாங்களே. ஒரு பட்டனை அழுத்தினா கார் நம்பர்கூடத் தெரியுதே."

"அது கதைக்காகப் பண்றது, டக்னி. குறைக்கிறப்போ புள்ளிகளைத் தூக்கிப் போட்டுட்டோம். போட்டது போட்டதுதான்."

"நாற்காலியைப் பிரிச்சா மறுபடி பியானோ வராதுன்னு சொல்றே."

"ஆமா."

குறுந்தட்டுகளைத் தேடினோம். சுருக்கிய பிறகுதான் தட்டில் ஏற்றியிருந்தார். கேமரா அட்டையில் அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகாலங்கள் எழுதி அழிந்திருந்தன. "பௌல்சன்கிட்ட இருக்குமா?" என்று கேட்டேன். டக்னி மேசை விளிம்பைத் தடவினார். "எல்லாருக்கும் இதைத்தான் அனுப்பினேன். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு."

நகரத்து அச்சுக்கடையிலும் கேட்டேன். இதை அஞ்சலட்டை அளவுக்கு மேல் போட்டால் தங்கள் பெயர்தான் கெடும் என்றார்கள்.

நான் படித்துக்கொண்டிருந்தது தகவல் சேமிப்பு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதற்கு முழுதாக ஒரு பாடமே உண்டு. தெருவில் எல்லோரும், ரிக்கே வந்துவிட்டாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா ஆலையிலிருந்து வந்ததும், "ஆச்சா?" என்பார். வேறெதுவும் கேட்கமாட்டார். அதனால்தானோ என்னவோ, ஒரு முழு வாரம் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சதுரங்களை மழுக்கி, வேறு முகங்களிலிருந்து கன்னமும் உதடும் பார்த்து வரைந்து சேர்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஏணியில் ஒரு மனிதர் கதவளவில் சிரித்தார். டக்னிக்காகச் செய்தேனா, அப்பாவின் அந்த ஒற்றைச் சொல்லுக்காகவா?

டக்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல பல்லு" என்றார். பிறகு, "ரொம்ப நல்ல பல்லு. இது ஈகோன் இல்லம்மா."

"தோவேக்குத் தெரியாம இருக்கலாம்."

"அவ தினமும் காலையில அந்தப் பல்லோட சண்டை போட்டவ. தெரியும்."

படத்தை அதன் சொந்த அளவிலேயே அச்சிடச் சொன்னார். அதே நான்கு விரல் அகலம். அதை உறையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். கூட வா என்றார், போனேன்.

தோவே உறையைப் பிரித்தாள். உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டினாள்.

"மாதிரிக்குக் கொண்டுவந்தியா?"

"அவ்வளவுதான் இருக்கு தோவே. மிச்சத்தை நான் அழிச்சுட்டேன்."

"எதுக்குடி?"

"இடத்தை அடைக்குதேன்னு."

"யாரோட இடத்தை?"

டக்னி இன்னும் ஒடுங்கிக்கொண்டார். நாற்காலியின் பாதியில் உட்கார்ந்திருந்தார், கோட்டு மடியில். தோவேயின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"உன் வீட்டுல மூணு அறை. நீ ஒருத்தி. துறைமுகத்துல பாதிக் கிடங்கு காலி. இந்த ஊர்ல என் புருஷன் மூஞ்சிக்குத்தான் இடமில்லாமப் போச்சா? உக்காரேன் நல்லா! நாற்காலி உன்னைக் கடிக்கவா போகுது?"

டக்னி நகர்ந்து முழு நாற்காலியிலும் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன்" என்றார்.

"ஆமா, பட்டிருக்கே. மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு பாக்காதே. காபி போடறேன், குடிச்சுட்டுப் போ."

ஆகஸ்டில் வளைவு கட்டினோம். பாட்டு முடிந்ததும் தோவே தனியாகக் கதவைத் திறந்தாள். கிளைகளுக்கு நடுவே, ஈகோனின் தலை வர வேண்டிய உயரத்தில், அந்தச் சின்னப் படத்தைக் குத்தியிருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பழுத்த இலைபோல இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்த்தான் பார்க்க முடிந்தது. கிட்டப்போனவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுத் திரும்பினார்கள். டக்னி கடைசியாக ஏறினார். அன்று அவர் கேமரா கொண்டுவரவில்லை.

அதன்பிறகு அவர் எதையும் சுருக்கவில்லை. பெரிய வட்டு ஒன்றை வாங்கிக் கணினியோடு இணைத்தார். தோவேயைத் தோட்டத்தில், சாக்குமூட்டையோடு, கோபத்தில், படம் படமாக எடுத்தார், எல்லாம் பியானோ. தோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும், "என்னை எடுத்து எதுக்கு? கடன் அவன் கணக்குல" என்பாள். இருவரும் தினமும் காபி குடித்தார்கள். பஸ்ஸில் மட்டும் டக்னி கடைசிவரை பாதி இருக்கையில்தான் உட்கார்ந்தார். அதை அவரால் விட முடியவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து அவர் இறந்தார். தெருவில் எல்லாக் கம்பங்களிலும் டேனிஷ் கொடி பாதியில் நின்றது. அப்போது எனக்கு ஆல்போர்க்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை. எவற்றைக் கழிக்கலாம் என்று பரிந்துரைப்பதும் அந்த வேலையில் சேரும். ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும், யாரோட இடத்தை, என்று ஒரு குரல் கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.

அடக்கம் முடிந்து தோவே வீட்டில் காபி குடித்தோம். கூடத்துச் சுவரில் படகு ஆணி அப்படியே இருந்தது. சின்னப் படம் சமையலறையில், சர்க்கரை டப்பாமேல் சாய்ந்திருந்தது.

"அந்த ஆணியில ஒரு காலண்டராவது மாட்டலாமே, தோவே" என்றேன்.

"காலண்டரா? அது கதவளவு ஈகோனுக்கு" என்றாள். அழுது வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "குடுக்க வேண்டியவ குடுக்காமப் போயிட்டா. கடன் தீர்ந்துதுன்னு யாரு சொன்னது?"